காணாத ஒளி கண்ணைச் சுடும்

சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதே என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்க்கிறார்கள். நண்பகலில் சுருங்கிய கண்பாவை வழியே உள்ளே போகும் சூரிய ஒளியின் திறன் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 3 மில்லிவாட். கூட்டங்களில் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படும் எளிய சிவப்பு லேசரின் திறன் 1 மில்லிவாட்தான். ஆனால் விழித்திரையில் அந்த ஒளி விழும் புள்ளியின் செறிவைக் கணக்கிட்டால், லேசர் சூரியனைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது.

இதில் பாதிப் பழி கண்ணையே சேரும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. விழித்திரையில் அதன் பிம்பம் 0.16 மில்லிமீட்டர் அளவுக்குப் பரவி விழுகிறது. லேசர் கற்றையோ விரியாமல் இணையாக வருவது. அதைக் கண் 20 மைக்ரான் புள்ளியாகக் குவித்துவிடும். இருட்டில் 7 மில்லிமீட்டர் விரிந்த கண்பாவையில் நுழையும் ஒளி இப்படிக் குவிந்தால், அதன் செறிவு லட்சம் மடங்கு கூடுகிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் அதே வேலை. இங்கே கண்ணாடியும் காகிதமும் ஒரே உறுப்புக்குள் இருக்கின்றன.

1 மில்லிவாட் லேசர் பெரும்பாலும் தீங்கு செய்யாததற்குக் காரணம் நம் இமை. கூசும் ஒளி பட்டால் கால் நொடிக்குள் மூடிக்கொள்கிறது. அந்தக் கால் நொடியை நம்பித்தான் இரண்டாம் வகுப்பு லேசர்களுக்கு 1 மில்லிவாட் வரம்பு வைத்தார்கள். 500 மில்லிவாட்டைத் தாண்டிய நான்காம் வகுப்பில் இமைக்கு வேலையே இல்லை.

அதைவிட மோசம், கூசாத ஒளி. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான அலைகளைக் கண் விழித்திரைவரை உள்ளே விடுகிறது. ஆனால் நமக்குத் தெரிவது சுமார் 700 வரைதான். மிச்சமுள்ள அகச்சிவப்பு, தடையின்றி நுழைந்து, குவிந்து, சுடும். ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் பரவலாக ஓடும் நியோடிமியம்-யாக் லேசரின் 1064 நானோமீட்டர் சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது.

அது பட்டால் எப்படியிருக்கும் என்று 1977-இல் ஓர் அமெரிக்க விஞ்ஞானி எழுதி வைத்தார். கண்ணில் பட்டது நேர்க்கற்றைகூட அல்ல, எதிரொளித்து வந்த ஒரு துடிப்பு. நீளம் ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அவர் அப்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. கண்ணுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திசு நொடிப்பொழுதில் கொதித்து வெடித்த சத்தம். அடுத்த கணம், பார்வைக்குக் குறுக்கே ரத்தம் இழை இழையாக மிதந்தது. விழித்திரையில் வலி நரம்பு இல்லை என்பதால், நடுப்பார்வையில் கருப்புப் புள்ளி விழுந்த பிறகே தெரிந்துகொள்பவர்களும் உண்டு.

லேசர் அறைக்குள் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்வது இப்படி எதிரொளிக்கும் ஒளிக்கு அஞ்சித்தான். சாதாரணக் கண்ணாடித் துண்டின் பரப்பே 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். 1 வாட் கற்றையில் அது 40 மில்லிவாட். கற்றையைக் கண்மட்டத்துக்குக் கீழேயே ஓடவிடுவார்கள். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிபவர், அந்த மட்டத்துக்கே கண்ணைக் கொண்டுபோகிறார்.

பாதுகாப்புக் கண்ணாடியிலும் ஒரு பொறி உண்டு. அது குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டுமே காவல். ஒளி அடர்த்தி 6 என்று அச்சிட்டிருந்தால், அந்த நிறத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வேறு நிறம் தாராளமாக நுழையலாம். பச்சை லேசருக்கான ஆரஞ்சுக் கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பச்சை லேசர் சுட்டிகளில் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. பல சுட்டிகளின் 532 நானோமீட்டர் பச்சை, உள்ளே 1064 அகச்சிவப்பிலிருந்து பிறக்கிறது. அதற்கும் முன்னால் 808-இல் ஓர் அகச்சிவப்பு டயோடு. மிச்சத்தை வடிகட்டியால் மறிக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கைவைக்கும் இடம் அந்த வடிகட்டிதான். 2010-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவன ஆய்வாளர்கள் சோதித்த ஒரு மலிவுச் சுட்டி, 10 மில்லிவாட் பச்சை என்று விற்கப்பட்டது. வெளிவிட்டதோ மங்கலான பச்சையும் 20 மில்லிவாட் அகச்சிவப்பும். பச்சை மங்கலாக இருந்ததால் பார்ப்பவரின் இமை மூடாது, கண்பாவையும் சுருங்காது.