உள்ளங்கையில் ஒரு அம்பாசடர்!

காரைக்குடி கேம்பஸ் மக்களே, ஒரு சின்னக் கணக்கு! உங்க ஹாஸ்டல் ரூமுக்குள்ள ஒரு அம்பாசடர் காரை நிறுத்தணும். அதோட நீளம் சுமார் 4.3 மீட்டர். கட்டிலையும் ரூம்மேட்டையும் வெளியே தூக்கிப் போட்டாலும் இடம் பத்தாது. அந்த 4.3 மீட்டரை 24-ஆல் வகுத்துப் பாருங்க. 18 சென்டிமீட்டர்தான் வரும். ரெக்கார்டு நோட்டு மேல ஜம்முன்னு நிற்கும்! 43-ஆல் வகுத்தா 10 செ.மீ. 64-ஆல் வகுத்தா ஏழு செ.மீ.கூட வராது. சட்டைப் பையில் பார்க்கிங் போட்டுட்டு செமினாருக்குப் போயிடலாம்.

இவ்வளவுதான் பாஸ் ஸ்கேல் மாடல் மேட்டர்! நிஜ காரோட ஒவ்வொரு அளவையும் ஒரே எண்ணால் வகுக்கணும். சக்கரம், கண்ணாடி, கதவுக் கைப்பிடி எதுக்கும் சலுகை கிடையாது. திருவிழாக் கடை பொம்மை காரில் சக்கரம் மட்டும் யானைக்கால் மாதிரி இருக்கும். மாடலில் அந்தக் கதை நடக்காது. பொம்மைக்கும் மாடலுக்கும் நடுவில் நிற்கிறது அந்த ஒரே ஒரு வகுத்தல்தான்.

‘காலேஜ் படிக்கிற புள்ள கார் பொம்மை வெச்சு விளையாடுது’ன்னு வீட்டில் ஆச்சி முணுமுணுக்கலாம். அவங்ககிட்ட சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் வரலாறு வேணுமே!

சிறுதேரும் தீப்பெட்டியும்

நம்ம ஆட்களுக்குக் குட்டி வண்டி மோகம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. குதிரை பூட்டாம பிள்ளைங்க உருட்டித் திரிஞ்ச மூன்று கால் சிறுதேர், பட்டினப்பாலையிலேயே வருது. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர்ன்னு ஒரு பருவமே ஒதுக்கி வெச்சிருக்காங்க.

அப்படியே லண்டனுக்கு ஒரு ஜம்ப். 1952-ல் ஜாக் ஓடெல்ங்கிற இன்ஜினீயருக்கு ஒரு சிக்கல். அவர் மகளோட ஸ்கூலில், தீப்பெட்டிக்குள்ள அடங்குற பொம்மையைத்தான் கொண்டுவரலாம்னு ரூல். அப்பா சும்மா இருப்பாரா? தீப்பெட்டிக்குள்ள அடங்குற அளவுக்கு ஒரு ரோடு ரோலரைச் செஞ்சு கொடுத்தார். அதுதான் 1953-ல் ‘மேட்ச்பாக்ஸ்’ கார் வரிசையா கடைக்கு வந்தது. 1968-ல் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி, வழுக்கிக்கிட்டு ஓடுற சக்கரங்களோட ‘ஹாட் வீல்ஸ்’ காரை இறக்கிச்சு. முதல் வருஷம் வந்தது 16 மாடல். அப்புறம் நடந்தது உங்க வீட்டு ஷோகேஸுக்கே தெரியும்.

இப்போ ஆச்சியை மடக்குற பாயின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930-லிருந்து 1968 வரைக்கும் மாணவர்களுக்கு ஒரு மாடல் போட்டி நடத்திச்சு. ஆரம்பத்தில் செய்யச் சொன்னது நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாடலை. அப்புறம் ‘உன் கனவுக் காரை 1:12 அளவில் நீயே செஞ்சு அனுப்பு’ன்னு மாத்தினாங்க. பரிசு என்ன தெரியுமா? காலேஜ் ஸ்காலர்ஷிப்! 1947-ல் அதில் ஜெயிச்ச பையன் சக் ஜோர்டான். பிற்பாடு அதே ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் பிரிவுக்கே தலைவரா உட்கார்ந்தார். பொம்மையா இது?

ஏன் நம்ம ஊர் கார்?

ஃபெராரி வேணுமா, போர்ஷே வேணுமா, எல்லா சைஸிலும் ரெடிமேடா கிடைக்குது. ஜப்பானின் தமியா மாதிரி கம்பெனிகள் பார்ட் பார்ட்டா பெட்டியில் போட்டே விக்கிறாங்க. காசு இருந்தா போதும்.

ஆனா நம்ம ஊர் ரோட்டில் ஓடின கார்கள்? அம்பாசடர் 1958-ல் வந்தது. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்னுபோச்சு. பிரீமியர் பத்மினி அதுக்கு முன்னாடியே டாட்டா காட்டிருச்சு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம மெட்ராஸிலேயே தயாரான கார். இப்போ ரோட்டில் ஒண்ணு பார்த்தா செல்போனை எடுத்து போட்டோ பிடிக்கிறோம். டெல்லியின் சென்டி டாய்ஸ் மாதிரி கம்பெனிகள் பிளாஸ்டிக்கில் அம்பாசடர் போடுறாங்க, அதுக்கு ஒரு சல்யூட். மத்தபடி நம்ம கார்களுக்கு நுணுக்கமான மாடல் கிடைக்கிறது அபூர்வம்.

செட்டிநாட்டில் இருக்கிற நமக்கு இந்த வலி புதுசில்லை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, பராமரிக்க முடியாம எத்தனை வீடுகளைப் பிரிச்சாச்சு! அந்தக் கதவும் தூணும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வரிசையா சாய்ஞ்சு நிற்கிறதைப் பார்த்திருப்பீங்க. வீட்டுக்காவது கதவு, ஜன்னலுக்கு விலை உண்டு. ஷெட்டில் தூசி படிஞ்சு கிடக்கிற கார் எடைக்குத்தான் போகும். போனா போனதுதான். போட்டோ இருக்கேன்னு சொல்லலாம். போட்டோவில் வண்டி நிறம் இருக்கும், அளவு இருக்காது.

அதனால முதல் வேலை இதுதான். உங்க தெருவில், சொந்தக்காரங்க வீட்டில், டாக்ஸி ஸ்டாண்டில் பழைய கார் எங்கே நிற்குதுன்னு பாருங்க. ஓனர்கிட்ட பக்குவமா அனுமதி கேட்டுட்டு, இன்ச் டேப்போட போங்க. முதலில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளக்கணும். அம்பாசடருக்கு அது 97 அங்குலம். 24-ஆல் வகுத்தா ஏறக்குறைய 4 அங்குலம். இந்த ஓர் அளவு தப்பினா எல்லாமே தப்பும். அடுத்து நீளம், அகலம், உயரம், கதவு. போட்டோ எடுக்கும்போது கிட்டப்போய் எடுக்காதீங்க, பக்கத்தில் இருக்கிற பாகம் ஊதித் தெரியும். தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க. பக்கவாட்டு, முன், பின்னு நேருக்கு நேரா எடுங்க. அந்த வண்டியை ஓட்டின ஐயாகிட்ட ரெண்டு கதையும் கேட்டு நோட்டில் எழுதிக்கோங்க. அளவோட சேர்ந்து ஆளும் பத்திரமாகட்டும்.

கை பழக ஒரு குட்டி ஆபரேஷன்

எடுத்ததும் அம்பாசடரில் இறங்காதீங்க. ஒரு பிரியாணி விலைக்குள்ள ஒரு குட்டி 1:64 கார் வாங்குங்க. இது துத்தநாகக் கலவை உலோகத்தை அச்சில் ஊத்திச் செஞ்சது. திருப்பிப் போட்டா அடியில் ரெண்டு வட்டத் தலை தெரியும். அதுதான் ரிவெட். 3 மி.மீ. பிட் போட்ட கை டிரில்லால் அந்தத் தலையை மட்டும் மெதுவா சுரண்டி எடுத்தா, வண்டி நாலு துண்டா கழண்டு வரும்: பாடி, கண்ணாடி, சீட், அடித்தட்டு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

பாடியில் இருக்கிற பழைய பெயின்ட்டை பெயின்ட் ரிமூவரால் எடுங்க. கையில் உறை போட்டு, மொட்டைமாடியில் வெச்சு செய்யுங்க. பிளாஸ்டிக் பாகத்தில் அது பட்டா உருகிடும், உஷார்! சோப்புத் தண்ணியில் கழுவி, 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணியில் நனைச்சுத் தேய்ச்சு, பிரைமர், அப்புறம் கலர், கடைசியில் கிளியர் கோட்.

இங்கேதான் நம்ம கணக்கு மறுபடி வரும். நிஜ காரில் பெயின்ட்டின் தடிமன் சுமாரா 0.1 மி.மீ. அதே தடிமனை 1:24 மாடலில் பூசினா, நிஜ காரில் 2.4 மி.மீ. பூசின மாதிரி! கதவு இடுக்கெல்லாம் மூடி, கார் களிமண்ணில் முக்கின கணக்கா இருக்கும். அதனால மெல்லிசா, பல தடவை, ஒவ்வொண்ணும் காய்ஞ்சப்புறம் அடிக்கணும். ஐப்பசி அடைமழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம், ஈரக்காத்தில் பெயின்ட் வெள்ளையா பூத்துடும்.

இன்னொரு ரகசியம். ஜன்னல் கண்ணாடி ஒட்ட ஃபெவிக்விக் பக்கமே போகாதீங்க. அதோட ஆவி பட்டே கண்ணாடி பனி மூடின மாதிரி ஆயிடும். சாதா ஃபெவிகால் போதும், காய்ஞ்சா நிறமே தெரியாது.

அடுத்தது அம்பாசடர்!

இப்போ உங்க அளவு நோட்டை எடுங்க. கிராஃப் பேப்பரில் 1:24-ல் நாலு பக்கமும் வரையுங்க. காரைக்குடியில் தச்சுப் பட்டறைக்கா பஞ்சம்? துண்டு மரம் கேட்டா கிடைக்கும். முதல் தடவைக்குத் தேக்கு வேண்டாம், லேசான மரமா எடுங்க. பக்கவாட்டு வடிவத்தை முதலில் அறுக்கணும், அப்புறம் மேலிருந்து பார்க்கிற வடிவம். மூலைகளை உப்புத்தாளால் உருட்டினா அந்தக் குண்டுக் கன்னம் தானா வரும். வீக்கத்துக்கு எம்-சீல்.

மத்த சாமான் எல்லாம் வீட்டுக் குப்பையிலேயே இருக்கு:

* ஜன்னல் கண்ணாடி - புதுச்சட்டை வாங்கின அட்டைப்பெட்டியின் மேல் ஷீட்.

* அச்சு - சைக்கிள் ஸ்போக். அது சுத்துற அளவுக்குத் துளை உள்ள காலி ரீஃபிலை உறையா போடுங்க.

* ஹெட்லைட் - நிஜத்தில் 7 அங்குல வட்டம், 24-ல் சுமார் 7 மி.மீ. மாத்திரை அட்டையில் இருக்கிற சின்ன வட்டக் குமிழ் கச்சிதம்!

* ரிம் - 15 அங்குலம், அதாவது 16 மி.மீ. வீட்டில் பழைய ஸ்டீல் 10 பைசா கிடந்தா எடுத்துப் பாருங்க, அதே சைஸ். அதை வெச்சு வட்டம் போட்டுக்கலாம்.

பம்பருக்குப் பளபளப்பு? நிஜ பம்பரில் நிக்கல் முலாம் மேல மெல்லிசா குரோமியம் ஏத்துவாங்க. இந்த முலாம் பூசுற சயின்ஸுக்கு நம்ம ஊர் சிக்ரி 1953-லிருந்து பேர் போன இடமாச்சே! மரத்தில் செஞ்ச குட்டி பம்பருக்கு அவ்வளவு வேண்டாம். முதலில் கண்ணாடி மாதிரி மின்னுற கறுப்பு பெயின்ட், நல்லா காய்ஞ்சதும் மேல குரோம் பெயின்ட். அடியில் எவ்வளவு வழவழப்போ, மேல அவ்வளவு மினுமினுப்பு.

ஒரே ஒரு கண்டிஷன். பழைய சாமான் கடையில் நிஜமாவே அந்தக் காலத்துக் குட்டி கார் கண்ணில் பட்டா, அதை உரிச்சு பெயின்ட் அடிக்காதீங்க. தேய்ஞ்ச பழைய பெயின்ட்தான் அதோட மதிப்பு. வாங்கும் முன்னாடி பாடியில் மெல்லிய விரிசல் இருக்கான்னு பாருங்க. ஈயம் கலந்த மட்டமான துத்தநாகத்தில் செஞ்ச சில பழைய கார்கள் உள்ளுக்குள்ளேயே வெடிச்சு உதிரும்.

கானாடுகாத்தானில் ஷூட்டிங்!

அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித்ன்னு ஒருத்தர். 1:24 கார்களை மேஜையில் வெச்சு, பின்னால் தூரத்தில் நிஜ மரமும் கட்டடமும் தெரியற மாதிரி சாதாரண கேமராவில் படம் பிடிச்சார். எல்கின் பார்க்ங்கிற ஒரு கற்பனை ஊரையே அப்படி உருவாக்கிட்டார். கம்ப்யூட்டர் வித்தையே கிடையாது, வெறும் தூரக் கணக்கு!

அவருக்கே கிடைக்காத லொக்கேஷன் நமக்குப் பக்கத்து ஊரில் இருக்கு பாஸ். கானாடுகாத்தான் வீதியில், கேமராவிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலில் உங்க காரை வையுங்க. 0.5-ஐ 24-ஆல் பெருக்கினா 12. அதாவது உங்க கார் 12 மீட்டர் தள்ளி நிற்கிற நிஜ கார் மாதிரி தெரியும். பங்களா முகப்பு அதுக்கும் பின்னால் இருக்கணும். கேமராவை மாடலோட ஜன்னல் உயரத்துக்கு இறக்குங்க. ஸ்டூல் விளிம்பை ரோட்டு மண் தூவி மறைச்சிடுங்க. க்ளிக்! பெரிய வீட்டு வாசலில் உங்க அம்பாசடர் கல்யாணத்துக்கு வந்து நிற்கும்.

‘இதனால என்ன பிரயோஜனம்?’னு கேட்கிறவங்களுக்கும் பதில் இருக்கு. கார் கம்பெனிகள் இன்னைக்கும் புது டிசைனைக் களிமண்ணில் மாடல் செஞ்சு பார்க்கிறாங்க, அதுக்குன்னே தனி வேலை இருக்கு. என்.ஐ.டி.யின் காந்திநகர் கேம்பஸில் வாகன டிசைனுக்கே முதுநிலைப் படிப்பு இருக்கு, மும்பை ஐ.ஐ.டி.யின் டிசைன் பள்ளியிலும் இருக்கு. அங்கே போறவங்க கையில் மார்க் ஷீட்டோட, தான் செஞ்ச ஒரு காரும் இருந்தா அதோட கெத்தே வேற! எல்லாரும் டிசைனர் ஆகணும்னு இல்லை. ஒரு பொருளைச் சுத்தி வந்து பார்க்க, அளக்க, தப்பினா அழிச்சுட்டுத் திரும்பச் செய்யக் கைக்குத் தெரிஞ்சா, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் உதவும்.

மாடல் பின்னாடி செஞ்சுக்கலாம், அதுக்கு அவசரமில்லை. அந்த ஷெட்டில் நிற்கிற கார் உங்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஞாயித்துக்கிழமையே இன்ச் டேப்போட கிளம்புங்க. அளந்து முடிச்சதும், ‘தம்பி, காபி குடிச்சுட்டுப் போங்க’ன்னு ஆச்சி கூப்பிடுவாங்க. மறுக்காதீங்க, வண்டியோட பாதிக் கதை அங்கேதான் வெளியே வரும்!