மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் புதுப்பிப்பும் மழைக்காப்பும்

மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அமைக்கப்படும் தட்டையான கூரை ஆகும். சில இடங்களில் இது கட்டைக்குத்து எனவும் வழங்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பரவலாகும் வரை சென்னை, புதுச்சேரி, செட்டிநாடு, தஞ்சைப் பகுதி முதலிய இடங்களில் மாடி வீடுகள் பல இம்முறையில் கட்டப்பட்டன. இவ்வீடுகளைப் புதிதாக வாங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மழைநீர்க் கசிவும் சுவர் ஓதமும் ஆகும். இவற்றை நிறுத்துவதற்காகச் செய்யப்படும் பிழையான வேலை, கூரையைத் தாங்கும் மரத்தையே காலப்போக்கில் அழித்துவிடக்கூடும். ஆகவே இவ்வீடுகளின் புதுப்பிப்பு முறை, கான்கிரீட் வீடுகளுக்கான முறையிலிருந்து வேறுபடுகின்றது.

கூரையின் அமைப்பு

சுவர்களின் மேலோ, பெரிய உத்தரங்களின் மேலோ தேக்கு போன்ற உறுதியான மரத்தாலான கட்டைகள் சிறு இடைவெளி விட்டு அடுக்கப்படுகின்றன. அவற்றின் மேல், சாதாரணச் செங்கல்லை விடச் சிறியனவும் மெல்லியனவுமான செங்கற்கள், கட்டைகளுக்கு 45 பாகை சாய்வாகக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு பதிக்கப்படும். இந்த வரிசை இறுகிய பின்னர், உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை ஏறத்தாழ 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு இடப்படும். இக்கலவை மரக்கட்டைகளால் பல நாட்கள் அடித்துக் கெட்டிப்படுத்தப்படும். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் தெளிப்பது மரபு. இறுதியாகச் சுண்ணாம்புப் பூச்சோ, தட்டோடுகளோ மேற்பரப்பாக அமைகின்றன.

தளத்தின் மீது விழும் நீர் வெளியேறுவதற்காக மேற்பரப்பு சிறிது சாய்வாக அமைக்கப்படுகின்றது. இதனைக் கொத்தனார்கள் வாட்டம் என்பர். 10 அடி நீளத்துக்கு 2 அங்குலம், அதாவது 60க்கு 1 என்ற வாட்டம், பொதுவாகப் போதுமானது.

சுண்ணாம்பும் சிமென்டும்

நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகின்றது. இவ்வாறு இறுகிய காரை நுண்துளைகள் கொண்டது. மழையில் சிறிது நீரை உறிஞ்சினாலும், வெயில் அடித்ததும் அந்த நீர் ஆவியாக வெளியேறிவிடும். மேலும் இது சிமென்டை விட மென்மையானது. வெப்பத்தால் தளம் விரிந்து சுருங்கும்போது ஓரளவு வளைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்புகளில் இறங்கும் நீர் காரையிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது கரைத்து, அதே வெடிப்பில் மீண்டும் படிய விடுவதால், நுண்ணிய வெடிப்புகள் தாமாகவே அடைபடுவதும் உண்டு.

சிமென்டுப் பூச்சு அடர்த்தியானது, விறைப்பானது. பழைய சுண்ணாம்புத் தளத்தின் மீது இதனை இட்டால், அடியிலுள்ள மென்மையான தளம் அசையும்போது மேற்பூச்சு வெடிக்கின்றது. வெடிப்பின் வழியாக நீர் எளிதில் உள்ளே இறங்கும். ஆனால் ஆவியாக வெளியேறும் வழி அடைபட்டிருக்கும். உள்ளே தங்கும் ஈரம் மரக்கட்டைகளைச் சென்றடைகின்றது. மரத்தின் ஈரம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்குமானால் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகள் வளரத் தொடங்கும். ஈரமான மரத்தைக் கரையானும் எளிதில் தாக்கும்.

இதில் பெரும் இடர் கட்டைகளின் முனைகளிலேயே உள்ளது. அவை சுவருக்குள் புதைந்திருப்பதால் காற்றோட்டம் இன்றிக் கடைசியாகவே காய்கின்றன. கூரையின் சுமை முழுவதும் இம்முனைகளின் வழியாகவே சுவருக்குச் செல்கின்றது. கட்டையின் நடுப்பகுதி நல்ல நிலையில் தெரியும்போதே முனை உளுத்துப்போயிருக்கலாம்.

சுமை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1 லிட்டர், அதாவது 1 கிலோகிராம். 100 சதுர மீட்டர் தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து வடிகுழாய் அடைபட்டிருந்தால், 10,000 லிட்டர் நீர், அதாவது 10 டன் எடை, தளத்தின் மேல் தேங்கும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கின்றது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதும் அரிதன்று.

கசிவை நிறுத்தப் பழைய தளத்தின் மேல் புதிய கான்கிரீட் தளம் இடுவதும் சுமையைக் கூட்டும். 100 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம் எடை கொண்டது. 1,000 லிட்டர் நீர்த்தொட்டி, நிறைந்த நிலையில், 1 டன்னுக்கு மேல் எடையுடையது. பழைய கட்டைகள் இச்சுமைகளுக்காக அமைக்கப்பட்டவை அல்ல.

புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி எனப்படும் பழைய நகரமன்றக் கட்டிடம், 2014 நவம்பரில் பெய்த கனமழையின்போது இடிந்து விழுந்தது. பின்னர் அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. பராமரிப்புத் தள்ளிப்போடப்பட்ட பழைய கட்டிடங்களுக்கு மழைக்காலமே சோதனைக் காலமாகும்.

ஆய்வு

வாங்கிய வீட்டில் வெள்ளையடிப்பதற்கும் வண்ணம் பூசுவதற்கும் முன்னரே ஆய்வு செய்யவேண்டும். புதிய பூச்சு, கசிவின் தடயங்களை மறைத்துவிடும். கூடுமாயின் ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைக் கவனித்த பின் பெரிய வேலைகளைத் தொடங்குவது சிறந்தது. எனினும் கட்டைகள் பழுதுற்றிருப்பதாக ஐயம் எழுமானால் மழைவரை காத்திருத்தல் ஆகாது. உடனடியாக முட்டுக் கொடுக்கவேண்டும்.

கவனிக்கவேண்டியவை:

- மழை பெய்து ஓய்ந்த பின் தளத்தில் நீர் தேங்கும் இடங்கள்
- கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலுள்ள வெடிப்புகள்
- தளத்திலோ சுவரிலோ வேர்விட்டுள்ள அரசு, ஆல் முதலிய செடிகள்
- தட்டும்போது வெற்றொலி எழுப்பும் பூச்சு
- கட்டைகளின் தொய்வு, கரையான் மண், மரத்தூள்
- கட்டை முனைகளைச் சுற்றிச் சுவரில் தெரியும் ஈரக்கறை

கட்டைகளின் முனைகளைக் கூரான கருவியால் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரத்தில் முனை எளிதில் இறங்காது. தளத்தில் நீரைத் தேக்கி வைத்துச் சோதிக்கும் முறை கான்கிரீட் தளங்களில் வழக்கமானது. கட்டைகளின் நிலை தெரியாத மெட்ராஸ் டெரஸில் இச்சோதனை ஆபத்தானது.

வேலைகளின் வரிசை

புதுப்பிப்பு மேலிருந்து கீழாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் நடைபெறவேண்டும்.

1. வடிகால்: வடிகுழாய்களின் அடைப்பு நீக்கப்படவேண்டும். குழாய் அடைபட்டாலும் நீர் வெளியேறும் வகையில் கைப்பிடிச் சுவரில் கூடுதல் துளைகள் அமைக்கலாம்.

2. கட்டைகள்: முனை மட்டும் உளுத்த கட்டைகளுக்கு, இருபுறமும் புதிய மரத்தையோ இரும்பையோ இணைத்துச் சுமையைச் சுவருக்கு மாற்றலாம். முழுவதும் பழுதானவை மாற்றப்படவேண்டும். இவ்வேலைக்கு முன் தளத்துக்கு முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது. பழைய கட்டிடங்களில் பயிற்சியுள்ள கட்டமைப்புப் பொறியாளரின் மேற்பார்வையும் தேவை.

3. தளம்: தளர்ந்த மேற்பூச்சு, செடிகளின் வேர், பிற்காலத்தில் இட்ட சிமென்டுப் பூச்சு ஆகியவை அகற்றப்படவேண்டும். பழுதான பகுதிகள் சுண்ணாம்பு ஜல்லிக் கலவையால் நிரப்பி அடிக்கப்பட்டு, வாட்டம் சரிசெய்யப்படும். கைப்பிடிச் சுவர் சேரும் மூலை கூராக இல்லாமல், சுவரின் மேல் சிறிது ஏறி வளைந்து முடியும்படி பூசப்படவேண்டும். இம்மூலையே பெரும்பாலான கசிவுகளின் தொடக்கமாகும்.

4. சுவர்கள்: வெளிச்சுவரின் வெடித்த சிமென்டுப் பூச்சு நீக்கப்பட்டுச் சுண்ணாம்புப் பூச்சு இடப்படும். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையே பொருத்தமானது. ஈரத்தை வெளிவிடாத பிளாஸ்டிக் வகை வண்ணங்கள் சில ஆண்டுகளில் கொப்புளித்து உரியக்கூடும்.

5. உட்புறம்: சுவர்கள் நன்கு காய்ந்த பின்னரே உட்பூச்சும் மின்னிணைப்பும் தச்சு வேலையும் செய்யப்படவேண்டும்.

சுண்ணாம்பு வேலை மெதுவாக இறுகும் இயல்புடையது. பூசிய பரப்பைத் தொடக்க நாட்களில் ஈரமாக வைத்திருக்கவேண்டும். கடும் வெயிலும் மழையும் அதனைக் கெடுக்கும். எனவே தமிழ்நாட்டில் பொங்கலுக்குப் பின் தொடங்கிக் கோடையின் கடுமைக்கு முன் தளவேலையை முடிப்பது ஏற்றது.

தரை ஓதம்

பழைய வீடுகள் பலவற்றில் அடித்தளத்துக்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்கு இல்லை. நிலத்தின் ஈரம் நுண்துளைகள் வழியாகப் பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை சுவரில் ஏறுகின்றது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். இதற்குச் சிமென்டு பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் மேலும் உயரத்துக்கு ஏறும்.

நகரங்களில் பழைய பரப்பைச் சுரண்டாமல் மீண்டும் மீண்டும் தார் போட்டதால் சாலைகள் உயர்ந்து, வீட்டின் தரை தெருவை விடத் தாழ்ந்துபோவது இதற்கு மற்றொரு காரணம். பழைய பரப்பை அகற்றிய பின்னரே புதிய சாலை இடவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவுறுத்தியது. வீட்டளவில், சுவரை ஒட்டிய மண்ணைத் தாழ்த்துதலும், சுவரிலிருந்து விலகி ஓடும்படி வாட்டம் அமைத்தலும், சுவரை ஒட்டிய சிமென்டுத் தரையை நீக்குதலும் பயன்தரும்.

மாற்றுக் கருத்துகள்

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டனர். வேலைக்குக் கூடுதல் நாட்களும் ஆகின்றன. பெரும்பாலான கட்டைகள் பழுதுற்றிருந்தால், கூரையை முழுவதும் பிரித்துக் கான்கிரீட் தளம் இடுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. அவ்வாறு செய்யும்போது புதிய சுமையைப் பழைய சுவரும் அடித்தளமும் தாங்குமா என்பது முதலில் உறுதிசெய்யப்படவேண்டும். ஒருசில கட்டைகள் மட்டும் பழுதான நிலையில், அவற்றை மாற்றிப் பழைய தளத்தைக் காப்பதே சுவரின் சுமையைக் கூட்டாத வழியாகும்.

பராமரிப்பு

ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் வடிகுழாய்களைத் துப்புரவு செய்தல், செடிகளை வேருடன் நீக்குதல், வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்தல் ஆகியவை போதுமான பராமரிப்பாகும். தளத்தில் மண், பூந்தொட்டி, கட்டிடக் கழிவு முதலியவற்றைக் குவித்து வைத்தல் கூடாது. சுவருக்குள் செல்லும் கட்டை முனைகளைச் சுற்றிப் பூச்சால் இறுக அடைக்காமல் சிறிது இடைவெளி விட்டால், அவ்விடத்தில் காற்றோட்டம் கிடைப்பதுடன், மரத்தின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தறியவும் முடியும்.