மாசி வானத்தை நம்பி உளியை எடுக்கலாமா?

“காலையில சுள்ளுன்னு காயுது, மூணு மணிக்கெல்லாம் மானம் கறுத்துக் கொட்டுது. இது என்னங்க மாசம்?” மாசி பிறந்துவிட்டால் கமுந்திங் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுத்தான். நியாயமான கேள்வி. மழையில் நனைவது நம் உடம்பு மட்டுமல்ல, கூலியும் அல்லவா கரைகிறது!

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை வீசும். அதன் கடைசிப் பகுதியில் கெடா, பெர்லிஸ் பக்கம் புல் கருகும். காற்று திசை மாறும் மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வெயில் விடுவதில்லை. பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரல் 9ஆம் தேதி.

நம் பக்கத்துக் கதை வேறு. கிழக்கே பிந்தாங் மலைத்தொடர், மேற்கே மலாக்கா நீரிணை. பகல் வெயிலில் தரை சூடேறியதும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் முட்டி மேலே ஏறுகிறது. அங்கே குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அடுத்த ஊரான தைப்பிங்கில் ஆண்டு மழை ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர், அதாவது சுமார் 160 அங்குலம். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் என்றே அதற்குப் பெயர் உண்டு. ஆகவே வடக்கே வறட்சி என்று வானொலியில் கேட்டுவிட்டு, நமக்கும் வெயில்தான் என்று இருந்துவிட முடியாது.

வானிலை ஆய்வுத் துறை அன்றன்றைய நிலவரத்தைக் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்தே சொல்கிறது. கைப்பேசியில் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் போதும். நாம் பார்க்க வேண்டியது ‘இரவு’ என்ற கட்டம். மாலை மழை வருவதற்குள் பாலெடுத்து நிறுத்துக் கொடுத்திருப்போம். இரவு மழையோ பட்டையை நனைத்துவிடும். விடியலில் வெட்டினால் பால் கோட்டில் நில்லாமல் மரத்தோடு வழிந்து போகும். வெட்டிய பிறகு மழை பிடித்தாலோ, மங்கில் பாதி தண்ணீர்தான்.

போதாக்குறைக்கு இது மரம் இலையுதிர்க்கும் காலம். பால் ஏற்கெனவே குறைவு. துளிர் விடும் நேரத்தில் பனியும் தூறலும் மாறி மாறி வந்தால், இளந்தளிரில் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் பிடித்து மறுபடியும் இலை கொட்டும். இந்தப் பக்கம் ரப்பர் மரம் எங்கே மிச்சம், எல்லாம் செம்பனை ஆகிவிட்டதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் செம்பனையிலும் மழை நாள் மழை நாள்தானே?

அந்த மழை நாளுக்குக் கூலி உண்டா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்வோம். வேலை செய்த நாளைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது முதலாளி வேலை தர வேண்டும். தர முடியாவிட்டால் அந்த நாட்களுக்கும் கூலி தர வேண்டும். வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் கணக்கில் சேராது. மழை என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் தொழிலாளி வேலைக்குத் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதில் தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் போகும்.

இங்கேதான் நம்மவர் கோட்டை விடுகிறார்கள். நாலரை மணிக்குத் தகரத்தில் சத்தம் கேட்டதும், “இன்னைக்கு எங்க வேலை” என்று போர்வையை இழுத்துக்கொண்டால், நாம் தயாராக இருந்ததற்கு என்ன சாட்சி? மழையானாலும் பெரட்டுக்குப் போங்கள். பெயரைப் பதியச் சொல்லுங்கள். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால், வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் கிராணியிடம் பேச அது உதவும்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலைத் துறை விடுக்கும் இடிமழை எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. காலையில் பார்த்தது மாலைக்கு உதவாது. குலை அறுக்கும் அலுமினியக் கம்பம் கையில் இருக்கும்போது தூரத்தில் உறுமினாலே கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ வந்துவிடுங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். இன்னும் நாலு குலைதானே என்று நிற்கச் சொன்னாலும் நிற்காதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போடுகிறவர்களே, பூசையை முற்பகலில் முடித்துக்கொள்ளப் பாருங்கள். மாலை ஊர்வலம்தான் என்றால், சாமிக்கு ஒரு தார்ப்பாய், மேளக்காரருக்கு ஒரு தார்ப்பாய் கூடவே வரட்டும்.