மேம்பாலத்துக்குப் பயப்படும் கார்

கல்முனையிலிருந்து மொனராகலைப் பக்கமாகப் போய் மத்தளையில் அதிவேகப் பாதையில் ஏறிய பிறகுதான் நம்மவர்கள் ஸ்டியரிங்கில் உள்ள குரூஸ் பொத்தானைத் தொடுவார்கள். நூறில் வேகத்தைப் பூட்டிவிட்டுக் காலை எடுத்தால் போதும். முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து கார் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பாதை வெறுமையாகக் கிடக்கும், மேலே ஒரு பாலம் வரும். திடீரென்று கார் பிரேக் அடிக்கும். பின் சீட்டில் தூங்கிய பிள்ளைகள் திடுக்கிட்டு எழும்புவார்கள். திரையில் எழுத்து மின்னும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காரென்றால் எழுத்தும் ஜப்பான் எழுத்து. கார் காரணத்தைச் சொல்லிவிட்டது, நமக்குத்தான் விளங்கவில்லை.

‘ஃபேண்டம் பிரேக்கிங்’, அதாவது பேய் பிரேக், என்பது இதன் பெயர். நம் ஊரில் ஜின் என்று சொல்லிவிடுவார்கள்.

பல கார்களில் முன் கிரில்லின் சின்னத்துக்குப் பின்னால் ஒரு ரேடார் இருக்கும். அது அனுப்பும் அலை பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தில் தூரம் தெரியும். அம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது அதன் சத்தம் மாறுகிறதல்லவா, அதுபோல அலையில் வரும் மாற்றத்தில் வேகம் தெரியும். உயரம் கணிப்பதில்தான் ரேடார் மொக்கை. பாதையில் நிற்கும் லொறியும் தலைக்கு மேலுள்ள பாலமும் தூரத்திலிருந்து அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் நம் வேகத்திலேயே நம்மை நோக்கி வருகின்றன. பெயர்ப்பலகையும் ஓரத்து இரும்பு வேலியும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்தால் கார் நகராது. அதனால் அசையாத பொருள்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காதே என்று கணினிக்குச் சொல்லிவைத்தார்கள். அப்படிச் சொன்னால் உண்மையாக நிற்கும் லொறியும் தப்பிவிடும். ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடுகிறது.

ரேடாரை விட்டுவிட்டு, முன் கண்ணாடியில் உள்ள கேமரா மட்டும் போதுமா? டெஸ்லா 2021இல் ரேடாரைக் கைவிடத் தொடங்கியது. 2022 பெப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 354 முறைப்பாடுகளை வைத்து, சுமார் 4,16,000 டெஸ்லாக்களின் திடீர் பிரேக்கை விசாரிக்கத் தொடங்கியது. கேமராவை நிழலும் ஏமாற்றும்.

1995இன் மிட்சுபிஷி டயமண்டேக்கு இந்த நோயே வந்திருக்காது. லேசரால் தூரம் பார்த்த அந்தக் கார், எரிபொருளைக் குறைத்து கியரை இறக்கும். பிரேக்கைத் தொடும் அதிகாரம் அதற்கு இல்லை.

ரீகண்டிஷன் காரில் இன்னொரு சங்கதி உண்டு. பம்பரில் அடிபட்டு நிமிர்த்தியிருந்தால் ரேடார் திசை மாறியிருக்கலாம். ஒரு பாகை விலகினால் நூறு மீட்டரில் கிட்டத்தட்ட 1.75 மீட்டர், அதாவது அரை லேன். பக்கத்து லேனில் போகும் பஸ் நம் முன்னால் போவதாகத் தெரியும். முன் கண்ணாடி மாற்றியிருந்தால் கேமராவையும் திரும்ப அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். சாதாரண கராஜில் இது ஆகாது. சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது அழகுக்கு வேண்டுமானால் சரி, ரேடாருக்குக் கூடாது.

காரணமில்லாமல் பிரேக் விழுந்தால் ஆபத்து பின்னாலிருந்துதான். நூறில் போகும் வாகனம் விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. பெரும்பாலான கார்களில் அக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தால் கார் நம் பேச்சுக்கு வரும். ஆகவே குரூஸ் போட்டாலும் கால் அக்ஸிலேட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும், கண் அடிக்கடி பின்பார்வைக் கண்ணாடிக்குப் போகட்டும். பதற்றத்தில் பிரேக்கை மிதித்து குரூஸை அணைப்பவர்கள் இருக்கும் பிரேக்கை இரட்டிப்பாக்குகிறார்கள்.

ஊருக்குள் குரூஸைப் போடவே வேண்டாம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நுழைந்துகொண்டே இருக்கும். கார் பிரேக் அடித்து அடித்தே களைத்துவிடும். இரவில் நிந்தவூர் தாண்டி வயல் பக்கம் மாடுகள் தார் ரோட்டில் படுத்துக் கிடக்கும். அங்கே பயம் தலைகீழ்: அசையாமல் கிடக்கும் மாட்டை, பாலத்தைப் போல ஒன்று என்று கார் விட்டுவிடலாம்.