கண்ணழுத்த நோய்க்குச் சிறுதுளை அறுவை

கண்ணழுத்த நோய்க்குப் புதிய அறுவை முறைகள் வந்துள்ளன என்றும், ஊசி நுழையும் அளவு துளையிட்டு ஒரு சிறு குழாயைப் பொருத்தினால் போதும் என்றும் இந்நாளில் பலரும் பேசக் கேட்கிறோம். செய்தி பொய்யன்று. ஆயினும், அவ்வறுவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் அதனை நாடி ஓடுவோரும் உளர். அறியாமலே அஞ்சி ஒதுங்குவோரும் உளர். இரு சாராரும் இழக்கக்கூடியது பார்வையை ஆதலின், இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கிளாக்கோமா என்று மருத்துவர் வழங்கும் இந்நோயைப் புரிந்துகொள்ள, கண்ணுக்குள் ஓடும் நீரைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும். இது கண்ணீர் அன்று. கண்ணின் முன்பகுதிக்குள் இடைவிடாது ஊறும் தெளிநீர். கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரைக்குப் பின்னே அது ஊறுகிறது. கண்மணியின் வழியாக முன்னறைக்கு வருகிறது. கருவிழியும் நிறத்திரையும் கூடும் கோணத்தில் உள்ள ஒரு வலையின் ஊடே வடிந்து, அதன் பின்னுள்ள வட்டக் கால்வாயில் சேர்கிறது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஃபிரெடரிக் ஸ்லெம் 1830இல் விளக்கியதால் அதனை ஸ்லெம் கால்வாய் என்பர். அங்கிருந்து நுண்ணிய கிளைகளின் வழியே நீர் வெண்விழியின் மேலுள்ள இரத்தக் குழாய்களில் கலந்துவிடுகிறது. ஊறும் அளவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர், கண் மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு ஊறுவதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

ஊற்று நிற்பதில்லை. வடிகால் வலையில் தடை ஏற்பட்டால் கண்ணின் அழுத்தம் உயர்கிறது. பெரும்பாலோர்க்கு அவ்வழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்கும் 21 மில்லிமீட்டருக்கும் இடையே இருக்கும். அழுத்தம் நெடுங்காலம் மிகுந்திருந்தால், கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடியும். அந்நரம்பில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உள்ளன. ஓரப் பார்வையே பெரும்பாலும் முதலில் குறைவதாலும், ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுவதாலும், நோயாளி பல ஆண்டுகள் ஒன்றும் உணரார். மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. அவர்க்கும் அழுத்தத்தை மேலும் குறைப்பதே இன்றுள்ள மருத்துவம்.

"வாத்தியாரே, ஆறு மாதமாக மருந்து விடுகிறேன், பார்வை கொஞ்சமும் தெளியவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன்" என்று தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வெண்ணம் மிகத் தீங்கானது. மருந்து விடுவது பார்வையைத் தெளிவிக்க அன்று. எஞ்சிய பார்வையைக் காக்க. அறுவைக்கும் இதுவே பொருந்தும்.

சிறுதுளை அறுவை தோன்றிய காரணம் அதற்கு முந்திய பெரிய அறுவையைப் பார்த்தால் விளங்கும். 1968இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த அந்த அறுவையில், வெண்விழியில் ஒரு சிறு மடல் வெட்டி, அதன் அடியில் புதிய வழி ஒன்று திறக்கப்படுகிறது. நீர் அவ்வழியே வெளியேறி, மேலிமைக்கு அடியில் மெல்லிய சவ்வின் கீழ் ஒரு கொப்புளமாகத் தேங்கி உறிஞ்சப்படும். அழுத்தத்தை 10ஐ ஒட்டிய அளவுக்கும் இறக்க வல்லது இது. முற்றிய நோய்க்கு இன்றளவும் இதனை நம்புகின்றனர். ஆனால், அழுத்தம் அளவு மீறி இறங்கிக் கண் தொய்வடையலாம். புண் ஆறி வழி அடைபடலாம். கொப்புளத்தின் வழியே பல ஆண்டுகளுக்குப் பின்னும் கிருமி புகலாம். இத்தனை இடரை, நோயின் தொடக்கத்தில் உள்ள ஒருவர்மேல் சுமத்த எந்த நல்ல மருத்துவரும் தயங்குவார். சொட்டு மருந்துக்கும் இப்பெரிய அறுவைக்கும் இடையே ஒரு வெற்றிடம் நெடுநாள் இருந்தது. அதனை நிரப்ப வந்ததே சிறுதுளை அறுவை.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மிக்ஸ்' என்பர். கனடா நாட்டு மருத்துவர் இக்பால் அகமது இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தவர். நுண்ணறுவை என்று பெயர்க்கலாம்தான். ஆனால் உருப்பெருக்கியின் கீழ்ச் செய்யும் எல்லா அறுவையையும் அச்சொல் குறிப்பதால், சிறுதுளை அறுவை என்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

இதில் வகை பல. எனினும் நீரை எங்கே விடுகின்றன என்று கேட்டால் குழப்பம் தீரும். பெரும்பாலானவை, அடைபட்ட வலையைத் தாண்டி நீரை ஸ்லெம் கால்வாய்க்கே விடுகின்றன. ஐஸ்டென்ட் என்னும் டைட்டானியக் குழாய் அத்தகையது. நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கண்புரை அறுவையோடு சேர்த்துப் பொருத்த அமெரிக்க அரசு 2012இல் இசைவளித்தது. ஹைட்ரஸ் என்பது 8 மில்லிமீட்டர் நீளமுள்ள வளைந்த சட்டம். கால்வாய்க்குள் கிடந்து அதனை விரித்து நிறுத்துகிறது. அதற்கு இசைவு கிடைத்தது 2018இல். குழாயே வையாமல், வலையைக் கீறி நீக்கும் முறையும், மெல்லிய நூலைக் கால்வாய்க்குள் வட்டமாகச் செலுத்தி இழுத்து, வலையைத் திறக்கும் முறையும் உள்ளன. வலையைக் கீறுதல் முற்றிலும் புதிதன்று. சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டோ பார்க்கன் 1930களிலேயே, பிறவியில் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு அதனைச் செய்து காட்டினார்.

இவ்வகை அறுவையில் வெண்விழி வெட்டப்படுவதில்லை. கருவிழி ஓரத்துச் சிறு துளையே வாயில். கண்புரை அறுவைக்கு இட்ட துளையே இதற்கும் உதவும். முன்னறையில் சிறிது இரத்தம் கசிவதே பெரும்பாலும் காணும் தொல்லை. சில நாளில் தெளியும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை. கால்வாயின் நீர் சென்று கலக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அது 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை. ஆற்றோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர் இதனை எளிதில் உணர்வர். தோட்டத்து வாய்க்காலை எத்துணை ஆழமாகத் தூர் வாரினாலும், ஆற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே அது வடியாது அன்றோ? கண்ணிலும் அவ்வாறே. மேலும், கால்வாய்க்கு அப்பாலுள்ள கிளைகளும் சற்றுத் தடை செய்யும். ஆதலின் இவ்வறுவைக்குப் பின் அழுத்தம் பெரும்பாலும் 15, 17 என்ற அளவிலேயே நிற்கிறது. நோய் தொடக்க நிலையில் உள்ளவர்க்கு அது போதும். நரம்பு பெரிதும் கெட்டு, அழுத்தம் 12க்குக் கீழே இருந்தாக வேண்டியவர்க்கு அது போதாது.

பயன் எவ்வளவு என்பதற்கு ஓர் ஆய்வைக் காண்க. 556 கண்களில், ஒரு பகுதிக்குக் கண்புரை அறுவை மட்டும் செய்தனர். மற்றப் பகுதிக்கு அதனோடு ஹைட்ரஸையும் பொருத்தினர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, சட்டம் பொருத்திய கண்களில் நூற்றுக்கு 66 சொட்டு மருந்தின்றி இருந்தன. பொருத்தாதவற்றில் நூற்றுக்கு 46. புரையை நீக்குவதே அழுத்தத்தைச் சிறிது குறைக்கும் என்பதும் இதனால் பெறப்படும். சட்டத்தின் பங்கு அந்த 20 என்க. சிறிதன்று, அற்புதமும் அன்று.

மற்றொரு வகை, பெரிய அறுவையைப் போலவே நீரைச் சவ்வின் அடியில் விடுவது. ஆனால் மடல் வெட்டாமல், மெல்லிய குழாயின் வழியே விடுவது. ஜென் என்பது 6 மில்லிமீட்டர் நீளமும் 45 மைக்ரான் உள்துளையும் கொண்ட குழாய். அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடாதபடி, நீளத்தையும் துளையையும் கணக்கிட்டே செய்துள்ளனர். இது பன்றியிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. சமய நெறியால் அதனை ஏற்காதவர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். பிரிசர்ஃப்ளோ என்னும் சற்றே பெரிய குழாயைப் பெரிய அறுவையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில் குழாய் பொருத்தியவர்க்குச் சராசரி அழுத்தம் 14.3, பெரிய அறுவை செய்துகொண்டவர்க்கு 11.1. இவ்வகை, ஆற்றலில் இடைப்பட்டது. கொப்புளம் இருப்பதால் அதன் இடர்களும் ஓரளவு உண்டு.

மூன்றாவது வழி ஒன்றும் முயலப்பட்டது. நிறத்திரையின் வேருக்குப் பின்னுள்ள இடைவெளிக்கு நீரை விடும் சைபாஸ் என்னும் குழாய்க்கு அமெரிக்காவில் 2016இல் இசைவு கிடைத்தது. அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு வந்தபோது, கருவிழியின் உட்புறத்து உயிரணுக்கள் அளவுக்கு மீறிக் குறைவது தெரிந்தது. அவை மீண்டும் பெருகாதவை. 2018 ஆகஸ்டில் அக்குழாயை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டனர். புதியது என்பதாலேயே ஒன்றைக் கேட்டுப் பெற விரும்புவோர் இச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும்.

அறுவைக்கு முன்னரே லேசர் ஒளி உண்டு என்பதையும் மறத்தலாகாது. வடிகால் வலையின்மேல் அவ்வொளியைப் பாய்ச்சுவது சில நிமிட வேலை, கத்தியே வேண்டா. 718 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், லேசரை முதலிற் பெற்றோருள் நூற்றுக்கு 74 பேர் மூன்றாண்டு முடிவில் சொட்டு மருந்து இல்லாமலே இருந்தனர். வலையில் அன்றி நீர் ஊறும் இடத்தில், விட்டு விட்டு லேசர் பாய்ச்சி ஊற்றைக் குறைக்கும் முறையும் ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையினர் அதனைப் பற்றி 2010இலேயே எழுதினர்.

இதுவரை சொன்னவை பெரிதும், கோணம் திறந்திருக்கும் நோய்க்கு உரியவை. நம் வட்டாரத்தில் வேறொரு வகையும் மிகுதி. சீனரிடையே சிறப்பாகக் காண்பது. நிறத்திரை முன்னே நகர்ந்து கோணத்தையே அடைத்துவிடும். கதவு சாத்தியிருக்கும்போது, அதற்குப் பின்னுள்ள சல்லடையில் குழாய் வைத்துப் பயன் என்ன? அந்நோயாளர்க்கு, தடித்த வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைப்பதே நல்ல தொடக்கம் என்று, மலேசியாவும் சிங்கப்பூரும் பங்கு கொண்ட, 419 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 2016இல் காட்டியது. ஆகையால், தொடு கண்ணாடி வைத்துக் கோணத்தைப் பார்க்காமல் எந்த அறுவை என்று முடிவு செய்ய இயலாது. மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாக்களும் இவற்றிலிருந்தே எழுகின்றன: என் கோணம் திறந்துள்ளதா? நரம்பு எவ்வளவு கெட்டுள்ளது? என் அழுத்தம் எந்த அளவுக்கு இறங்கவேண்டும்?

குழாய் பொருத்திய பின்னரும் அழுத்தத்தையும் பார்வைப் புலத்தையும் காலந்தோறும் அளந்து வருதல் வேண்டும். சிலர்க்குச் சொட்டு மருந்து ஒன்றோ இரண்டோ தொடரும். நோயாளியின் உடன்பிறந்தார்க்கும் மக்களுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. குறி எதுவும் தெரியாவிடினும் அவர்களும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.