சுற்றுமானியின் முள் விட்டுவிட்டு விழுந்தால்

முந்தற் பகுதியில் நெல்லும் காய்கறியும் பயிரிடும் குடும்பங்கள் சில, களப்பில் மீன்பிடிப்பதற்கு வள்ளமும் வைத்திருக்கின்றன. தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தைப் பேணத் தெரிந்த கமக்காரர், வள்ளத்தின் வெளியிணைப்பு எஞ்சினிலும் சிறு பழுதுகளைத் தாமே கண்டுபிடிக்கலாம்.

கைபிடியாற் செலுத்தும் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் ரக்கோமீற்றர் எனப்படும் சுற்றுமானி இருப்பதில்லை. பற்றரியும் சாவி ஆளியும் உள்ள எஞ்சின் வைத்திருப்போர்க்கே இது பயன்படும். மானியின் முள் சிறிது நேரம் சரியாகக் காட்டிவிட்டுத் திடீரெனப் பூச்சியத்தில் விழுமாயின், “எஞ்சின் ஓடுகின்றதுதானே” என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான எஞ்சின்களில், மானிக்கு வரும் துடிப்பும் பற்றரிக்கு ஏறும் மின்னும் பறப்புச்சில்லின் கீழுள்ள அதே கம்பிச்சுருள்களிலேயே பிறக்கின்றன. ஆதலின், பற்றரிக்கு மின் ஏறவில்லை என்பதற்கு முள் விழுவதே முதல் அறிகுறியாகலாம். தென்மேற் காற்று வீசும் நாட்களில், களப்பின் நடுவே நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்க முடியாது நிற்பது ஆபத்தானது.

முள் எப்பொழுது விழுகின்றது என்பதை முதலிற் கவனியுங்கள். அலை மோதி வள்ளம் அதிரும்போது விழுந்தால், ஏதோவொரு கம்பி தளர்ந்திருக்கின்றது. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே விழுந்தால், றெக்டிபயரிற் சந்தேகங் கொள்ளலாம். ஏனைய மானிகளும் கூடவே விழுந்தால், சாவி ஆளியிலிருந்து வரும் கம்பியையோ பொதுவான புவிக் கம்பியையோ பாருங்கள். முள் விழாமல் எப்பொழுதும் பாதியாகவோ இருமடங்காகவோ காட்டினால் அது வேறு. மானியின் பின்புறத்துத் தெரிவு ஆளி தவறான எண்ணில் இருக்கின்றது.

எமது கரையோரத்தில் உப்புக் காற்றே முதற் பகைவன். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, பற்றரி முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள். பின்னர் மானியின் பின்புறக் கம்பி முனைகளைப் பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிய முனை பொருத்துங்கள். கம்பிகளை முறுக்கி நாடா சுற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நாடாவினுள் புகுந்த உப்பு நீர் வெளியேறாது. தெரிவு ஆளி இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிறிய திருப்புளியால் சிலமுறை இங்குமங்குந் திருப்பிப் பழைய எண்ணிலேயே நிறுத்துங்கள். உள்ளே பிடித்த களிம்பு பல வேளைகளில் இதனாலேயே நீங்கிவிடும்.

அதன்பின், வள்ளத்தை நீரிற் கட்டிவைத்து எஞ்சினை இயக்குங்கள். நீரின்றி ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பி கெடும். மானியின் புவி முனையிலிருந்து பற்றரியின் எதிர் முனைக்குத் தனிக் கம்பியொன்றைத் தற்காலிகமாகத் தொடுங்கள். முள் உறுதியாக நின்றால், பழுது பழைய புவிக் கம்பியிலேயே. இல்லையெனின், பற்றரியின் இரு முனைகளிலும் வோல்ற்றுமானியை வையுங்கள். ஓய்விலே ஏறக்குறைய 12.5 வோல்ற்று காட்டுவது, எஞ்சின் நடுவேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிடின் றெக்டிபயரோ சுருளோ பழுதென்று கொண்டு, கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உயர்ந்தால், துடிப்பைக் கொண்டுவரும் கம்பியை எஞ்சின்வரை தொடர்ந்து பாருங்கள். அதுவும் செம்மையாயின் மானியே பழுது. புதியது வாங்குமுன், அதே வகை மானியொன்றை அயலவரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்போர் உளர். அவ்வாறு செய்தால் நல்ல றெக்டிபயரும் எரிந்துபோகக்கூடும்.