மலை சுற்றும் பாதை: அன்றும் இன்றும்

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி காலை வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலை ரயிலடியில் இறங்கினான். மதுரையிலிருந்து கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது. வழியில் கைக்காசு தீர்ந்து, மாம்பழப்பட்டிலிருந்து நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவனைத்தான்.

அவர் காலத்துக் கிரிவலத்தை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், மண் பாதை. 1926 வரை அவரும் அடியார்களும் சுற்றியிருக்கிறார்கள். மாலையில் கிளம்பி மறுநாள் விடியலில் திரும்புவார்கள். சில முறை வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டதுண்டு. நிறைமாத கர்ப்பிணியான ராணி நடப்பது போல நடக்க வேண்டும் என்பாராம். அப்படி நடக்க முடிந்ததற்குக் காரணம் பாதையோரக் குளங்களும் மண்டபங்களும். தண்ணீரும் தங்குவதற்கு நிழலும் கிடைத்தன. 1931-இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் ரமணரைப் பார்க்க வந்தபோதும் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில்தான் அவருடைய ஆசிரமம் போனார்.

இன்று பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, அண்மைக் காலமாக ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து. கடைப் பலகைகளில் தெலுங்கு ஏறிவிட்டது. சிறப்புப் பேருந்துகள் ஊர் எல்லையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோக்காரர் கேட்பதுதான் கட்டணம். இந்திரலிங்கம் தொடங்கி ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கத்தின் முன்னாலும் வரிசை. இடுக்குப் பிள்ளையார் சந்நிதியில் உடம்பை ஒடுக்கி நுழைந்து வெளியே வர இடம் பிடிப்பதே ஒரு பாடு.

இதைப் பார்த்து "அந்தக் காலம் போச்சு" என்று சலித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ரஜினிகாந்த் தம் செலவில் பாதைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, இருட்டுக்கு அஞ்சியவர்களும் நடு இரவில் நடக்கிறார்கள். பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிகள் வருகிறார்கள். வழியெல்லாம் யாராவது சாம்பார் சாதமோ சுண்டலோ கையில் திணிக்கிறார்கள். முன்பு சிலருக்கே வாய்த்த நடை இன்று எல்லோருக்கும் வாய்த்திருக்கிறது. இது பெரிய காரியம்.

என் கவலை வேறு. பாதை வளர்ந்ததைப் போலவே ஊரும் வளர்ந்து மலையடிவாரத்தில் ஏறிவிட்டது. பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. சரிவில் வீடுகள் ஏறுவதோ நிற்கவில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர் பக்கம் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபம் ஏற்றுவோரும் அவர்களுக்குத் துணை போனவர்களும் மட்டும் ஏறினார்கள்.

மலையில் குடியிருப்போரை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. பௌர்ணமிக்குப் பூக்கட்டுவதும், விடுதியில் பாத்திரம் தேய்ப்பதும், விடிந்ததும் பாதையிலுள்ள இலையையும் பிளாஸ்டிக் தம்ளரையும் கூட்டுவதும் அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள்தாம். பக்தர் கூட்டம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. வாடகைக்கு வீடு கட்டுப்படியாகாமல்தான் சரிவில் ஏறினார்கள். அரசு மாற்று வீட்டைப் பேருந்துச் செலவே கூலியைத் தின்னும் தொலைவில் கொடுத்தால் மறுபடி ஏறத்தான் செய்வார்கள். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், சமதரையில், பட்டாவோடு கொடுக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.